யார் பிள்ளை என்பதா, என்ன செய்தாய் என்பதா?

சில வாரங்களுக்கு முன் தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களின் தன்விவரக் குறிப்புகளைப் படித்துக் கருத்துச் சொல்ல அழைத்திருந்தார்கள். பணியாளர் தேர்வுக் குழுக்களில் நெடுங்காலம் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் வந்த அழைப்பு அது. மொத்தம் 60 தாள்கள். பெயரை மறைத்துவிட்டால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு சொல்ல முடியாது. சவால் நிறைந்த சூழலில் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே தங்கள் குறிக்கோள் என்று அனைவரும் முதல் வரியில் எழுதியிருந்தார்கள். பின்பகுதியில் தந்தை பெயர், தந்தையின் தொழில், பிறந்த தேதி, பாலினம், திருமண நிலை, சொந்த ஊர், பொழுதுபோக்கு. அதற்கும் கீழே, மேற்கண்ட விவரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மை என்ற உறுதிமொழி. இடம், நாள், கையொப்பம்.

அவற்றுள் ஒரு மாணவரின் தாளில், பொழுதுபோக்கு என்ற இடத்தில் கிரிக்கெட்டுக்கும் பாட்டுக் கேட்பதற்கும் நடுவே 'மோட்டார் பழுது நீக்குதல்' என்று இருந்தது. விசாரித்தேன். தாய்மாமன் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பதினோராம் வகுப்பிலிருந்து மாலை நேரமும் விடுமுறை நாளும் இவருக்கு அங்கேதான். கோடைக்காலத்தில் வாரத்துக்கு நான்கைந்து பம்புசெட் மோட்டார்களைத் தனியாகவே பிரித்துக் கட்டி ஓடவிட்டுவிடுவாராம். படிப்பதோ மின்பொறியியல். "இதை ஏன் முதல் பத்தியில் எழுதவில்லை?" என்றேன். "அதையெல்லாம் எழுதலாமா, சார்? கல்லூரியில் கொடுத்த மாதிரிப் படிவத்தில் அதற்கு இடமே இல்லையே" என்றார்.

இந்தப் பதிலை ஒரு மாணவரின் வெகுளித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாடத்திட்டம், ஆங்கிலப் பேச்சு, திறன் பயிற்சி என்று பேசுகிறோம். அந்தத் திறன் வேலை கொடுப்பவரின் கண்ணில் முதன்முதலாகப் படும் இடம் ஒன்றிரண்டு பக்கத் தாள்தான். அந்தத் தாளுக்கு எந்த வடிவம் என்பதை, எந்த எழுத்துரு, எந்த நிறம், ஒளிப்படம் வலப்பக்கமா இடப்பக்கமா என்ற அளவிலேயே முடித்துக்கொள்கிறோம். எந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லப்போகிறோம் என்பதையே வடிவம் தீர்மானிக்கிறது. 'நீ யார்?' என்ற கேள்விக்கு எழுதப்படும் தாள் ஒருவகை. 'நீ என்ன செய்தாய்?' என்ற கேள்விக்கு எழுதப்படும் தாள் வேறொரு வகை. நம் பிள்ளைகள் முதல் கேள்விக்கு மட்டுமே பழக்கப்பட்டிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. நாம் பயோடேட்டா என்று அழைக்கும் தாளுக்கு இரண்டு தாய்வீடுகள்: ஒன்று அரசு வேலைக்கான விண்ணப்பப் படிவம், மற்றொன்று திருமணத் தரகர் கையிலிருக்கும் வரன் குறிப்பு. அரசுப் படிவம் பிறந்த தேதியையும் வகுப்பையும் கேட்பதில் நியாயம் உண்டு. வயது வரம்பும் இட ஒதுக்கீடும் அங்கே சட்டத்தின் பகுதி. தேர்வாணையத்துக்கு விண்ணப்பிப்பவர் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. கட்டங்களை நிரப்புகிறார், அவ்வளவே. தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் தாளில் எவரும் கேட்காமலேயே அதே கட்டங்களை நாமே வரைந்து நிரப்பிக் கொடுப்பதுதான் விந்தை.

1480களில் மிலன் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு லியனார்டோ டா வின்சி வேலை கேட்டு எழுதிய மடலின் வரைவு இன்றும் இருக்கிறது. உலகின் முதல் தன்விவரக் குறிப்பு என்று அதைப் பலர் சொல்வார்கள். 'முதல்' என்ற பட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் என்று தன்னால் செய்ய முடிந்தவற்றை எண்ணிட்டு அடுக்குகிறார். போர் நடத்தும் ஆட்சியாளருக்கு எது தேவையோ அது முதலில். ஓவியம் வரையத் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த அந்த மனிதர், தாம் யாருடைய மகன் என்பதை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

யாருடைய மகன் என்ற வரி நம் நாட்டில் என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோரின் ஆய்வு 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் வெளியானது. நாளேடுகளில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒத்த கல்வியும் அனுபவமும் கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டில் அதே இதழில் வந்த மற்றோர் ஆய்வில், மனிதவள மேலாளர்கள் பலர் விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்டறிவது தேவையே என்று தயக்கமின்றிச் சொல்லியிருந்தார்கள்.

பெயரைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு ஒரு முன்தொடக்கம் கிடைத்திருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. தலைப்பெழுத்தும் பெயரும் மட்டும் கொண்ட இன்றைய மாணவரின் பெயரைப் பார்த்து அவருடைய சாதியைச் சொல்வது எளிதன்று. (மதம் பல நேரங்களில் தெரிந்துவிடும் என்பது வேறு.) பெயரிலிருந்து எடுத்ததைத் தந்தையின் தொழில், சொந்த ஊர் என்ற வரிகளில் நாமே திரும்ப எழுதுகிறோம். முன்வாசலில் மூடியதைக் கொல்லைப்புறத்தில் திறந்துவைப்பது போன்றது இது.

பெயரையும் மறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. பிரான்சில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பெயரற்ற தன்விவரக் குறிப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்ப்புக்கு மாறாக, குடியேறிய சிறுபான்மையினருக்கு நேர்காணல் அழைப்பு குறைந்தது. சோதனையில் விரும்பிச் சேர்ந்த நிறுவனங்கள் ஏற்கெனவே நல்லெண்ணம் கொண்டவையாக இருந்திருக்கலாம், பின்னணி தெரியாதபோது தாளிலிருந்த குறைகளைப் பரிவுடன் பார்க்க அவற்றால் முடியாமல் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். மறைப்பதைவிட, எதை முன்னால் வைப்பது என்பதுதான் கூடுதல் பயன் தரும் என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருமண நிலை என்ற வரியையும் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்கள் வேலைக்குச் சேர்க்கப்படாமல் தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. சில நாள்கள் பரபரப்பாகப் பேசினோம். அதே நாள்களிலும் நம் கல்லூரிகளின் மாதிரிப் படிவத்தில் 'திருமண நிலை' என்ற கட்டம் அப்படியே இருந்தது. ஜப்பானில் தன்விவரப் படிவம் நம்முடையதைவிட இறுக்கமானது. கடையில் அச்சடித்தே விற்பார்கள். அங்கும் பாலினக் கட்டத்துக்கு எதிராகக் குரல் எழுந்தபின், 2021இல் தொழிலாளர் நல அமைச்சகம் புதிய மாதிரி ஒன்றை வெளியிட்டது. பாலினத்தைக் குறிப்பிடுவது அவரவர் விருப்பமாயிற்று. வாழ்க்கைத் துணை உண்டா, எத்தனை பேரைக் காப்பாற்றுகிறீர்கள் என்ற கட்டங்கள் நீங்கின.

சரி, 'என்ன செய்தாய்?' என்பதற்குப் பதில் சொல்லும் தாளில் எத்தனை வகை? உலகெங்கும் புழக்கத்தில் இருப்பவை மூன்று. அண்மையில் பார்த்த வேலையை முதலில் வைத்துப் பின்னோக்கிச் செல்வது கால வரிசை வடிவம். ஆண்டுகளை ஓரங்கட்டிவிட்டுத் திறன்களின் தலைப்பில் அனுபவத்தைத் தொகுப்பது திறன் சார்ந்த வடிவம். மேலே திறன்களைச் சில வரிகளில் சொல்லிவிட்டுக் கீழே வேலைகளைக் கால வரிசையில் தருவது கலப்பு வடிவம். ஒரே துறையில் இடைவெளியின்றிப் படிப்படியாக உயர்ந்தவர் முதலாவதைவிட்டு வேறெதையும் நாட வேண்டியதில்லை. சிக்கல் எல்லாம் மற்றவர்களுக்கு: இன்னும் வேலையே பார்க்காதவர், துறை மாறுகிறவர், நடுவில் நின்று மீண்டும் வருகிறவர்.

இவர்களுக்கெல்லாம் திறன் சார்ந்த வடிவமே உகந்தது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் நான் இதை ஏற்கமாட்டேன். ஆண்டுகள் இல்லாத தாளைக் கையில் எடுத்தவுடன் தேர்வாளர் மனத்தில் எழும் முதல் கேள்வி, இவர் எதை மறைக்கிறார் என்பதுதான். தகுதியைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகே வரும். அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018இல் தேர்வாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஒரு தாளின் முதல் பார்வைக்கு அவர்கள் சராசரியாக ஒதுக்கிய நேரம் 7.4 வினாடி. அதில் ஐயத்துக்கு இடம் கொடுத்துவிட்டால் மீட்சி இல்லை.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்த ஒரு பெண்மணியை அறிவேன். நண்பரின் மகள். வெளிநாட்டு வாங்குநர்களிடம் மாதிரிக்கு ஒப்புதல் பெறுவது, விலை கணக்கிடுவது, கப்பல் ஏறும் தேதிக்குள் நூலிலிருந்து பெட்டிவரை எல்லாவற்றையும் விரட்டி முடிப்பது அவர் வேலை. இரண்டு குழந்தைகள், பிறகு பக்கவாதத்தில் படுத்த மாமியார் என்று ஏழு ஆண்டுகள் வீட்டில் இருந்தார். திரும்ப வேலை தேடத் தொடங்கியபோது, வகுப்பில் சொன்னபடி ஆண்டுகளை எடுத்துவிட்டுத் திறன்களை மட்டும் எழுதி அனுப்பினார். ஒரே ஓர் இடத்தில் அழைத்தார்கள். உட்காரும் முன்பே கேட்ட கேள்வி, எந்த ஆண்டு வேலையை விட்டீர்கள் என்பது.

அவருடைய ஏழு ஆண்டுகளுக்கு நம் சமூகம் வைத்திருக்கும் பெயர் 'சும்மா இருந்தது'. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். தேர்வு மென்பொருளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்சர் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலே விண்ணப்பத்தை வடிகட்டிவிடும் வழக்கம் ஏறத்தாழப் பாதி நிறுவனங்களில் இருப்பதாகச் சொன்னது. அறிவிப்பில் உள்ள தகுதி வரிகளோடு சொல்லுக்குச் சொல் பொருந்தாததால் உயர்திறன் பணிகளுக்குத் தகுதியானவர்களே கழிக்கப்படுகிறார்கள் என்பதை 88 விழுக்காடு நிறுவனத்தார் அதில் ஒப்புக்கொண்டார்கள்.

இங்கே வடிவம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குப் பிரிட்டனிலிருந்து ஓர் ஆய்வு இருக்கிறது. 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளிவந்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை நிஜமான வேலைகளுக்கு அனுப்பினார்கள். வேலை பார்த்த தேதிகளை எழுதாமல், அந்த வேலையில் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்று மட்டும் எழுதியவற்றுக்கு, இடைவெளி வெளியே தெரியும் தாள்களைவிட 15 விழுக்காடு கூடுதல் அழைப்பு. இடைவெளியே இல்லாத தாள்களைவிடவும் 8 விழுக்காடு கூடுதல். மாறியது ஒரு வரியின் அமைப்பு மட்டுமே. அனுபவத்தின் அளவு முதலில் கண்ணில் பட்டது.

இதை அப்படியே இங்கே பின்பற்றலாமா? ஓரளவுக்குத்தான். 2014 முதல் வருங்கால வைப்பு நிதிச் சந்தாதாரர்களுக்குப் பொதுக் கணக்கு எண் இருக்கிறது. எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் விலகினார் என்பதைப் பின்னணிச் சரிபார்ப்பில் அதைக் கொண்டே பார்த்துவிடுகிறார்கள். தேதியை மாற்றி எழுதுவது தற்கொலைக்குச் சமம். எனவே கலப்பு வடிவத்தையே அந்தப் பெண்மணிக்குச் சொன்னேன். முதல் நான்கு வரிகளில் எத்தகைய ஆர்டர்களைக் கையாண்டார், எந்த நாட்டு வாங்குநர்கள், தாமதத்தை எப்படிச் சமாளித்தார் என்பது. அடுத்து, '6 ஆண்டுகள்' என்ற சொல்லுடன் வேலை விவரம். அதன்பின் ஒளிவுமறைவின்றி ஒரே ஒரு வரி: குடும்பப் பராமரிப்புக்காக ஏழு ஆண்டு இடைவெளி, அக்காலத்தில் உறவினரின் தையலகத்துக்கு ஆர்டர் கணக்குப் பார்த்தது. இடைவெளிக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டாம்; ஒரு வரி போதும். லிங்க்டுஇன் தளமே 2022இல் பணி இடைவெளிக்கென்று தனிப் பகுதி ஒதுக்கிவிட்டது.

இனி இயந்திரம். பெரிய நிறுவனங்களில் தாளை முதலில் வாங்கிக்கொள்வது விண்ணப்பங்களைப் பிரித்தடுக்கும் மென்பொருள். அதைப் பற்றிய அச்சத்தைக் காசாக்கும் கடைகள் பெருகிவிட்டன. அது மாயப் பிசாசு ஒன்றும் இல்லை. தாளிலுள்ள எழுத்தை உருவியெடுத்துப் பெயர், படிப்பு, அனுபவம் என்று பெட்டிகளில் போடுகிறது. கேன்வாவில் கிடைக்கும் இரண்டு பத்தி அலங்கார வடிவங்களில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் அதற்குக் கலந்துபோகலாம். படமாகச் சேர்த்த எழுத்து தெரியாது. பக்கத்தின் தலைப்பகுதியில் செருகிய தொலைபேசி எண் தவறிப்போகலாம். சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. உங்கள் பிடிஎஃப் கோப்பில் உள்ளதை எல்லாம் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலையாமல் படிக்க முடிந்தால் இயந்திரமும் பெரும்பாலும் படித்துவிடும்.

தமிழருக்கென்றே ஒரு தனித் தொல்லை, தலைப்பெழுத்து. இணையப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கோ அது இல்லை. சான்றிதழில் ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் தந்தையின் முழுப் பெயர், பான் அட்டையில் முன்பின்னாக என்று ஒரே ஆள் இயந்திரத்துக்கு மூன்று பேராகிவிடுகிறார். பட்டச் சான்றிதழில் உள்ளபடியே எங்கும் ஒரே மாதிரி எழுதுவதைத் தவிர இதற்கு நானறிந்த தீர்வு இல்லை.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைக் கேட்டால் நொடியில் எழுதித் தருகின்றனவே என்று அந்தக் கல்லூரியில் ஒரு மாணவி கேட்டார். தருகின்றன, பிழையற்ற ஆங்கிலத்தில், அறுபது பேருக்கும் ஒரே தாளை. மோட்டார் பட்டறையைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியப்போவதில்லை. தேர்வு செய்யும் பக்கத்திலும் அதே கருவி அமரும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிப் பார்த்த தேர்வு மென்பொருள், பத்தாண்டு விண்ணப்பங்களில் ஆண்களே மிகுந்திருந்ததைப் பாடமாகக் கொண்டு, 'பெண்கள்' என்ற சொல் வந்த தாள்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்த முயற்சி கைவிடப்பட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொணர்ந்தது. நியூயார்க் நகரில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவோர் ஆண்டுதோறும் பாகுபாட்டுத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற சட்டம் 2023 முதல் செயல்படுத்தப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆள்தேர்வைப் பேரிடர் வாய்ப்புள்ள பயன்பாடுகளில் சேர்த்திருக்கிறது.

நம் நாட்டில் தனியார் நிறுவனம் ஒன்று தந்தையின் தொழிலையோ திருமண நிலையையோ விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது என்று பொதுவான தடை இல்லை. 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. தொலைமருத்துவச் செயலிக்குப் பயனரின் தொடர்பு எண்கள் தேவையில்லை என்ற எடுத்துக்காட்டைச் சட்டமே தருகிறது. மென்பொருள் எழுதும் வேலைக்குத் தந்தையின் தொழில் தேவையா என்பதும் அதே வகைக் கேள்விதான். தொழிலாளர் துறை ஜப்பானைப் போல ஒரு மாதிரிப் படிவத்தை வெளியிடலாம். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே ஒவ்வொரு கல்லூரிக்கும் அது போய்ச் சேரும். செலவு ஏதுமில்லை. நிறுவனங்களும், விண்ணப்பத்தில் எவற்றை எழுத வேண்டாம் என்பதை வேலை அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம். தேவையற்றதைக் கேட்டுவிட்டு, பார்க்கவில்லை என்று பிறகு சொன்னால் நம்புவது கடினம்.

அன்று மாலை புறப்படும் முன், கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் மாதிரிப் படிவத்தைப் பற்றிப் பேசினேன். நல்ல மனிதர், குறித்துக்கொண்டார். குறிக்கோள் வரியை எடுத்துவிடச் சம்மதித்தார். தந்தையின் தொழிலையும் திருமண நிலையையும் அடித்துவிட்டு, மேலே 'செய்த வேலைகள்' என்று ஒரு பகுதியைச் சேர்த்தார். பட்டறை, வயல், கடைக் கணக்கு எதுவானாலும் எழுதலாம் என்று மாணவர்களுக்குச் சொல்வதாகவும் கூறினார். கடைசியிலுள்ள உறுதிமொழியை எடுக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் தாள் முடிந்த மாதிரியே தெரியவில்லை, சார் என்றார்.